தரைத்துணை

காலையிலிருந்து டயரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

செங்குத்தாக இறங்கும் போர் விமானம் ஓடுபாதையில் ஓடுவதில்லை. ஓடாத விமானத்தின் டயர் தேய்வதில்லை. தேயாத டயரின் விலையை மிச்சம் என்று கணக்கில் காட்டலாமா, கூடாதா? காட்டலாம் என்றார் விமானம் செய்யும் கம்பெனியின் பிரதிநிதி, கோயம்புத்தூர் வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். அப்படியானால் கீழ்நோக்கி அடிக்கும் நெருப்பில் இறங்குதளத்துக் கான்கிரீட் பொரிந்து போகிறதே, அதையும் காட்டுங்கள் என்றார் எதிர்வரிசையில் ஒருவர். அது கட்டடச் செலவு, விமானச் செலவு ஆகாது என்றார் கோட்டுக்காரர். விமானம் இல்லாவிட்டால் கான்கிரீட் தானாகப் பொரியுமா என்று கேட்டதற்கும் அவரிடம் பதில் இருந்தது. படம் போட்டு விளக்கினார். பெரிய மனிதர்கள் கூடிப் பெரிய விஷயம் பேசும் இடங்களில் முக்கால்வாசி நேரம் இப்படித்தான் கழிகிறது.

கருணாம்பிகை தன் முறைக்காகக் காத்திருந்தாள். அரசின் செலவு மதிப்பீட்டுப் பிரிவில் அவளுக்கு வேலை. ‘வல்லூறு’ என்ற அந்த விமானம் ஒரு மணி நேரம் பறந்தால் எவ்வளவு செலவாகும் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலை மாதிரி இருக்கும். ஒன்றரை வருடம் அவள் தலைமுடியைக் கொட்ட வைத்த வேலை. கம்பெனி மணிக்குப் பதினெட்டு லட்சம் என்றது. அவள் முப்பத்தொன்பது என்றாள். நடுவில் இருந்த வித்தியாசத்தில் டயரும் கான்கிரீட்டும் வெறும் சில்லறை. மற்றதெல்லாம் ஒரே ஒரு விஷயம்: விமானியின் காது.

அந்தக் காதுகளில் ஒரு ஜோடி அவள் புருஷனுடையது.

நல்லசிவம் குளிக்கும்போது முகத்துக்குச் சோப்புப் போடமாட்டான். கண்ணை மூடினால் விழுந்துவிடுவான். கரண்ட் போனால் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டு, “கருணா, லைட்டு” என்று குரல் கொடுப்பான். போன வருடம் அவிநாசித் தேருக்குப் போயிருந்தபோது, தேரின் உச்சியை ஆசையாக அண்ணாந்து பார்த்தவன் அப்படியே மல்லாந்து விழுந்தான். பட்டப்பகலில் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று சுற்றி நின்றவர்கள் முகம் சுளித்து விலகினார்கள். வல்லூறை ஆடுகிற கப்பல் தளத்தில் பூ வைப்பது போல இறக்கி வைக்கிறவன் அவன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கருணாம்பிகை அவனைத் தூக்கி நிறுத்தி வேட்டி மண்ணைத் தட்டிவிட்டாள். அன்றைக்குத் தேர் பார்த்தது போதும் என்று இருவரும் திரும்பிவிட்டார்கள்.

விமானப்படை டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். காது போயாச்சு; கேட்கிற காது இல்லை, உடம்பை நேராக நிறுத்துகிற உட்காது. இன்னும் இறக்கினால் அடுத்தது நரம்பு. நரம்பு போனால் படுத்த படுக்கைதான், தலையைத் தூக்கினாலே உலகம் சுற்றும். அதைக் கேட்ட பிறகு அவனைத் தற்காலிகமாகத் தரையில் ஒரு மேஜையில் உட்கார வைத்திருந்தார்கள். தற்காலிகம் என்றால் இன்றைக்குக் கூடியிருக்கும் இந்தச் செலவுக் குழு முடிவு சொல்கிற வரையில். கருணாம்பிகையின் தொகையைக் குழு ஏற்றுக்கொண்டால், செங்குத்து இறக்கம் அரசுக்குக் கட்டுப்படியாகாது. வல்லூறு எல்லா விமானங்களையும் போல ஓடுபாதையில் ஓடி இறங்கும். நல்லசிவம் பென்ஷனோடு வீட்டுக்கு வருவான். ஏற்றுக்கொள்ளாவிட்டால் அவனை மறுபடி மேலே அனுப்பினாலும் அனுப்புவார்கள். அவளுக்கு இந்த மதிப்பீடு அவ்வளவுதான். நாட்டின் பாதுகாப்பு, வான்படையின் பெருமை எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு சிக்கல் இருந்தது. காது என்பது மருத்துவச் செலவு, அது வேறு இலாகா, இந்தக் கணக்கில் வராது என்று எழுதி எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு வழி சொன்னவன் ஜெயசீலன்.

ஜெயசீலன் அவளுடைய பிரிவிலேயே பக்கத்து நாற்காலி. திருநெல்வேலிக்காரன். பத்து வருடமாகச் சேர்ந்து வேலை பார்த்ததில் அவளுக்கு அவன் அண்ணனாகவே ஆகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து நல்லசிவத்தோடு செஸ் ஆடிவிட்டு, கறிக்குழம்பை உரிமையோடு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் போவான். அவள் அப்பா இறந்தபோது ஆஸ்பத்திரிக்கும் மின்மயானத்துக்கும் அலைந்தது அவன்தான்.

ஒருநாள் கேன்டீனில் அவளுக்கும் சேர்த்து டீ வாங்கிவந்து வைத்துவிட்டு அவன் சொன்னான்: “மனுசன்னு எழுதினா ‘ஐயோ பாவம்’ம்பாங்க, அடுத்த பக்கத்தப் புரட்டிருவாங்க. உதிரிபாகம்னு எழுதும்மா. இத்தன எறக்கம் தாங்கும், அதுக்கு மேல தாங்காது, போச்சுன்னா நட்டம் இவ்வளவுன்னு எழுது. பாகம்னு வந்துட்டா எவனும் கண்ணீரும் விடமாட்டான், தப்பிச்சும் போகமாட்டான். பணம் ஒதுக்கித்தான் ஆகணும்.”

“காதுக்கு எப்புடிங்ணா பாகம்னு பேரு வெக்கறது? அவரு மனுசருங்ணா.”

“மனுசனக் காப்பாத்தத்தானம்மா இவ்வளவும் செய்யுதோம்.”

இரண்டு நாள் யோசித்தாள். மனம் ஒப்பவில்லை. மூன்றாம் நாள் நல்லசிவம் மாடிப்படியில் விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டு வந்தான். அன்றைக்கே எழுதிவிட்டாள். ‘பாகம்: விமானியின் உட்காது.’ அதற்குக் கீழே நரம்பையும் சேர்க்கப் போனபோது ஜெயசீலன் தடுத்தான்.

“நரம்ப விட்ரு. டாக்டர்மாரே ரெண்டு விதமாப் பேசுதாங்க. நிரூபிக்க முடியாதது ஒண்ணு உள்ள இருந்தா, அதப் பிடிச்சுக்கிட்டு மொத்தத்தயும் தூக்கிப் போட்ருவாங்க.”

அதுவும் அவளுக்கு நியாயமாகப் பட்டது. விட்டுவிட்டாள்.

டயர் விவகாரம் ஒருவழியாக அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. குழுத் தலைவர் அனந்தலட்சுமி, நிதித்துறையில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு கருணாம்பிகையைப் பார்த்தார்.

“காதுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்கம்மா.”

கருணாம்பிகை எழுந்தாள். தயாரித்து வைத்திருந்த உரையை ஓரமாக வைத்தாள்.

“கொத்தனார் செவுரு கட்டறப்ப ரசமட்டம் வெச்சுப் பாப்பாங்க இல்லீங்களா மேடம், அந்த மாதிரி ஒன்னு நம்ம காதுக்குள்ள இருக்குதுங்க. சின்னக் குழாய், அதுக்குள்ள தண்ணியாட்ட ஒரு திரவம். அது எந்தப் பக்கம் சாயுதுன்னு பூனைமுடி மாதிரி இருக்கற நுனிங்க பாத்து மூளைக்குச் சொல்லும். அதனாலதான் நாம கண்ண மூடிட்டும் நேரா நிக்கறோம்.”

“சரி.”

“ஆடற கப்பல் மேலயோ, காத்தடிக்கற மலைச்சரிவுலயோ வல்லூறு நேரா எறங்கோணும்னா கம்ப்யூட்டர் மட்டும் பத்தறதில்லீங்க. சாஞ்ச பொறகுதான் அதுக்குத் தெரியும். மனுச உடம்பு சாயறதுக்கு முன்னாலயே தெரிஞ்சுக்கும். அதனால விமானியோட காதுக்குப் பின்னால ஒரு கருவியப் பதிக்கறாங்க. பைலட்டுங்க அதத் தோடுன்னு சொல்லுவாங்க.”

“தோடா?” அனந்தலட்சுமியின் கை தன்னையறியாமல் தன் காதுக்குப் போயிற்று.

“ஆமாங்க. காதுல இருக்கற ரசமட்டத்தப் படிச்சு தோடு விமானத்துக்குச் சொல்லுது. விமானத்தோட ஆட்டத்தத் திருப்பிக் காதுக்குச் சொல்லுது. அப்புடித் திருப்பி அனுப்பற மின்சாரத்துலதான் அந்தப் பூனைமுடி கருகுது. ஒவ்வொரு எறக்கத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா. அது மறுபடி மொளைக்காதுங்க மேடம்.”

கோட்டுக்காரர் எழுந்தார். ஒரு மனிதரின் அவயவத்தை உதிரிபாகப் பட்டியலில் சேர்ப்பது மனிதாபிமானம் உள்ளவர்கள் செய்கிற காரியமா என்று கேட்டார். குரல் கூடத் தழுதழுத்தது. மனிதாபிமானம் அவருக்கு அன்று காலைதான் வந்திருந்தது.

ஜெயசீலன் அவளுக்காக எழுந்து நின்றான். என்ன பேச்சு! தேய்கிற எதுவும் பாகம்தான் என்றான். கிளட்ச் தட்டு தேய்ந்தால் கணக்கில் வருகிறது, காது தேய்ந்தால் ஏன் வரக்கூடாது என்றான். கிளட்சுக்குக் கொடுக்கிற மரியாதையை இந்த விமானிகளுக்கும் கொடுங்கள் என்றபோது சிலர் மேஜையைத் தட்டினார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த விமானப்படை ஏர் கமோடோர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர் எதிர்த்து ஒரு மணி நேரமாவது பேசுவார் என்று கருணாம்பிகை பயந்திருந்தாள். நம் பக்கத்து நியாயம் அவருக்கும் உறைத்திருக்கிறது என்று நினைத்து மனதுக்குள் அவருக்கு நன்றி சொன்னாள்.

“ஏத்துக்கறேன்” என்றார் அனந்தலட்சுமி. “விமானியின் உட்காது, ஆயுள் உள்ள ஒரு பாகம். அப்படியே பதிவு பண்ணுங்க. மணிக்கு முப்பத்தொன்பது லட்சம். இந்த விலைக்கு இது தேவையான்னு சாப்பாட்டுக்கு அப்புறம் பேசுவோம்.”

கருணாம்பிகை வராந்தாவுக்கு ஓடிப்போய் வீட்டுக்குப் போன் செய்தாள்.

“ஒத்துக்கிட்டாங்க. ஏனுங்க, கேக்குதா? ஒத்துக்கிட்டாங்க!”

“கேக்குது, கேக்குது” என்றான் நல்லசிவம். “பாகம்னுதான எழுதிக்கிட்டாங்க?”

“ஆமாங்க.”

“நல்லது. சாப்புட்டியா?”

இந்த மனுஷனுக்குச் சந்தோஷத்தைக் காட்டவே தெரியாது என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆசை தீர அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஜெயசீலனின் தட்டில் தன் பங்கு குலோப்ஜாமூனையும் எடுத்து வைத்தாள். அவன் அதைச் சாப்பிடவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு முதலில் எழுந்தவன் அவன்தான்.

“மேடம், காலைல நீங்க ஏத்துக்கிட்டதுலருந்து ஒரு சின்ன விஷயம் வருது. அதச் சொல்லலைன்னா கணக்கு முழுமையாகாது.”

“சொல்லுங்க.”

“ஒரு பாகத்தோட ஆயுள் முடிஞ்சா அதோட மதிப்பு முழுசையும் கழிச்சிருதோம். கழிச்ச பொறகும் அது ஓடுச்சுன்னா, அந்த ஓட்டத்துக்குச் செலவு பூஜ்யம். பழைய ஜீப்புக்கு, ஜெனரேட்டருக்கு எல்லாம் இதே விதிதான்.” அவன் தண்ணீர் குடித்தான். “அப்படி உட்காதோட ஆயுள் முடிஞ்ச விமானிங்க நம்மகிட்ட பதினோரு பேர் இருக்காங்க. செங்குத்து இறக்கத்த இனி அவங்க மட்டும் செஞ்சா, காதுக்கான செலவு மொத்தமும் போயிரும். புது ஆளுங்களப் பழக்குத செலவும் கெடையாது. மணிக்குப் பதினாறு லட்சத்துல முடிஞ்சிரும்.”

கருணாம்பிகைக்கு முதலில் புரியவில்லை. வாய் தவறி ஏதோ சொல்கிறான், திருத்திக்கொள்வான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காது போனவங்க எப்படி இறக்குவாங்க?” என்றார் அனந்தலட்சுமி.

“எறக்க முடியும் மேடம். அவங்க மூளை பழகியிருக்கு. தோடு நேரா நரம்புக்கே சேதி கொடுத்துரும். காது நடுவுல வேண்டியதில்ல.”

“அப்ப நரம்புக்கு ஒண்ணும் ஆகாதா?”

“மதிப்பீட்டுல நரம்பு இல்ல மேடம்” என்றான் ஜெயசீலன். அவள் இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை.

கருணாம்பிகை எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “மேடம், அவங்க மனுசங்க! ஜீப்பு இல்லீங்க, மனுசங்க!”

அனந்தலட்சுமி கெட்டவர் இல்லை. களைத்தவர். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து நிதானமாகத்தான் சொன்னார்: “காலையில நீங்கதாம்மா பாகம்னு வாதாடினீங்க. நானும் அப்படியே பதிவு பண்ணிட்டேன். இப்ப மனுஷன்னா நான் எதை அடிச்சு எதை எழுதறது?”

அவள் விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். கோட்டுக்காரர் தன் காகிதத்தையும் ஜெயசீலன் சொன்ன தொகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாம் சொன்னதைவிட அரசாங்கம் குறைத்துச் சொல்லும் என்று பாவம் அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

“விமானிகள் சம்மதிக்கணுமே” என்றார் தலைவர்.

ஏர் கமோடோர் அன்றைக்கு முதன்முறையாகப் பேசினார். “பதினோரு பேரும் சம்மதிச்சாச்சு மேடம்.”

லிஃப்டுக்குப் பக்கத்தில் ஜெயசீலனை அவள் பிடித்துவிட்டாள். சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கை எழவில்லை, குரல்தான் எழுந்தது.

“ஏனுங்ணா? எங்க ஊட்டுல சோறு தின்னீங்களே. அவரு கூட உக்காந்து செஸ் ஆடுனீங்களே. எத்தன நாளா இதத் திட்டம் போட்டீங்க?”

“திட்டு. எனக்கு வேணும்” என்றான் அவன். கண் கலங்கியிருந்தது. “நான் துரோகம் பண்ணலன்னு சொல்லமாட்டேம்மா. பண்ணிட்டேன். ஆனா இது என் யோசனை இல்ல.”

“வேற யாரு யோசனை? அந்த ஏர் கமோடோரா?”

ஜெயசீலன் லிஃப்ட் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றான். லிஃப்ட் வந்து, திறந்து, மூடிக்கொண்டு போயிற்று.

“நல்லசிவம்” என்றான்.

அவள் ஒரு அடி பின்வாங்கினாள்.

“பாகம்னு எழுதச் சொல்லுன்னதும் அவருதான். நரம்ப விட்ரச் சொல்லுன்னதும் அவருதான். கணக்குப்படி மலிவுன்னு வந்தாத்தான் காது போனவங்கள மறுபடி மேல விடுவாங்க, இல்லன்னா புது ஆளத்தான் ஏத்துவாங்கன்னாரு. செஸ் ஆடும்போது சொன்னாரு, நீ உள்ள கொழம்பு தாளிச்சிட்டிருந்த. ‘கருணா சொன்னாத்தான் கமிட்டி நம்பும், அவளுக்குப் பொய் சொல்ல வராது. அதனால அவளுக்குத் தெரியாமயே இருக்கட்டும்’னாரு. நான் முடியாதுன்னுதாம்மா சொன்னேன். எங் கையப் பிடிச்சிக்கிட்டு அழுதாரு. அவரு அழுது நீ பாத்திருக்கியா? நான் பாத்துட்டேன். அதுக்கப்புறம் என்னால மாட்டேன்னு சொல்ல முடியல.”

அவள் அவனை விட்டுவிட்டுப் படியிறங்கினாள். ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கிளம்பினாள். ஜெயசீலன் மீது கூட இப்போது கோபம் இல்லை. அவன் ஏமாற்றியது வெளியாள் ஏமாற்றியது. மற்றது அப்படியா? பதினாலு வருடம் ஒரே பாயில் படுத்தவன், தன் பெண்டாட்டியின் நேர்மையை ஒரு சாவி மாதிரி எடுத்துத் தனக்கு வேண்டிய பூட்டைத் திறந்துகொண்டிருக்கிறான். தன்னை யாரோ பொதுவில் நிறுத்தி வைத்துச் சிரித்தது போல அவளுக்கு அவமானமாக இருந்தது.

நல்லசிவம் ஹாலில் ஜன்னலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அசையாத ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்டம் கொஞ்சம் குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டீபாயில் அவளுக்காகக் காபி போட்டு மூடி வைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“ஜெயசீலன் சொல்லிட்டானாக்கு” என்றான்.

“எதுக்குங்க?” என்று கேட்டாள்.

“உக்காரு.”

“உக்காரலீங்க. சொல்லுங்க.”

அவன் ஜன்னல் சட்டத்திலிருந்து பார்வையை எடுக்காமல் பேசினான். “நீ நிக்கறே. அந்தச் செவுரு நிக்குது. எனக்கு ரெண்டும் நிக்கறதில்ல கருணா. காலைல கண்ணு முழிச்சதுல இருந்து படகுல கெடக்கறாப்பல இருக்குது. தூக்கத்துலயும் அதேதான். தோட்ட ஆன் பண்ணீட்டு வல்லூறுல ஏறி உக்காந்தன்னு வெய்யி, அத்தனையும் நின்னுருது. மலை நிக்குது. கடலுக்கும் வானத்துக்கும் நடுவுல கோடு நேரா நிக்குது. விமானத்தோட ரசமட்டம் என்னோடதாயிருது. எறங்கற அந்தக் கொஞ்ச நேரந்தான் நான் மனுசனாட்ட இருக்கறேன். என்னையத் தரைல உக்கார வெச்சதுல இருந்து எனக்கு அதுவும் இல்ல.”

“நரம்பு போச்சுன்னா?”

“போகட்டும். அதுவரைக்கும் நிப்பனல்ல.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க.”

“சொன்னா உட்டிருப்பியா?”

“உட்டிருக்கமாட்டேன்.”

“அதான்” என்றான்.

அவன் சொன்னதில் பாதி அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. அதுதான் இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. துரோகம் செய்தவன் முழுக்கக் கெட்டவனாக இருந்து தொலைத்தால் எவ்வளவு சௌகரியம்! வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போகலாம். இவன் என்னடாவென்றால் காபி போட்டு மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

“இனி எல்லாம் முடிஞ்சுதுதான?” என்றாள். “எப்ப மேல போறீங்க?”

“அடுத்த மாசம். மெடிக்கல்ல ஒன்னே ஒன்னுதான் பாக்கி இருந்துச்சு, அதுவும் சரியாயிருச்சு.” அவள் சாதாரணமாகப் பேசத் தொடங்கிவிட்டாள் என்று நினைத்து அவன் குரலில் தெம்பு வந்தது. “எங்க பதினோரு பேரயும் மேல உடோணும்னா, தரைல இருக்கறப்பத் தாங்கிப் புடிக்க ஆள் வேணுமாம். கூடவே இருந்து குளிக்க வெக்க, படி ஏத்த, விழுந்தாத் தூக்க. தரைத்துணைன்னு பேரு வெச்சிருக்கறாங்க. ஆளுக்கொரு நர்ஸப் போட்டா சம்பளம், குவார்ட்டர்ஸ், அது இதுன்னு மணிக்கணக்குச் செலவு ஏறிருமல்ல. பதினாறு நிக்காது. திட்டமே போயிரும். அதனால ஊட்டுலயே ஆள் இருக்குதான்னு கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நீ இருக்கறயேன்னு சொன்னேன்.”

“என்னையக் கேக்காமயா?”

“இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது? நீ எங்க போயிருவே?” என்று சிரித்தான்.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டாள். தொழில் புத்தி.

“அதுக்கு விலை என்ன போட்டாங்க?”

“உனக்கெதுக்கு விலை கருணா?” நல்லசிவம் முதன்முறையாக ஜன்னலை விட்டு அவள் பக்கம் திரும்பினான். முகத்தில் அத்தனை பிரியம் இருந்தது. “ஒன்னுமில்லைன்னு போட்டுக்கச் சொன்னேன்.”

அவளைப் பெருமைப்படுத்துவதாகவே அவன் நினைத்தான். அதில் சந்தேகமே இல்லை. அவள் மனதில் அந்தக் கணக்கை மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். எரிபொருள், கிளட்ச், கான்கிரீட், ஆயுள் முடிந்த காது, அதற்கும் கீழே அவள். எங்கேயாவது தப்பு இருக்கும் என்று தேடினாள். இல்லை. வீட்டில் நடக்கிற வேலைக்குக் கணக்கில் மதிப்புப் போடுவதில்லை. இத்தனை வருடமாக அவளும் எந்த மதிப்பீட்டிலும் போட்டதில்லை. காதுக்காவது ஆயுள் என்று ஒன்றை எழுதியிருந்தார்கள். அவளுக்கு அது கூட இல்லை.

உள்ளே போய்ப் பையில் நாலு புடவையை எடுத்து வைத்தாள். போனை எடுத்து விமானப்படை ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். வீட்டோடு தங்குகிற மாதிரி ஒரு ஆண் நர்ஸ் வேண்டும், இன்றைக்கே வேண்டும், விங் கமாண்டர் நல்லசிவம் வீட்டுக்கு என்றாள். சம்பளத்தை யார் கணக்கில் எழுதுவது என்று மறுமுனையில் கேட்டார்கள்.

“வல்லூறு கணக்குல எழுதுங்க” என்றாள். “தரைத்துணைன்னு தனி வரி இருக்குது. பூஜ்யம்னு போட்டிருக்கும். அத அடிச்சிட்டு எழுதுங்க.”

ஹாலுக்கு வந்தபோது நல்லசிவம் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றிருந்தான். உடம்பு மெல்ல முன்னும் பின்னும் ஆடியது.

“எங்க கெளம்பறே?”

“அவிநாசிக்கு. அக்கா ஊட்டுக்கு.”

“எத்தன நாளைக்கு?”

“தெரியலீங்க.”

“நீ இல்லீன்னா என்னைய மேல உடமாட்டாங்க கருணா. ஊட்டுல ஆள் இருக்குதான்னு வாரம் ஒருக்கா வந்து பாப்பாங்க.”

“பாக்கட்டும்.”

“கோவம்னா இங்கயே இருந்துட்டுத் திட்டு. முடியாதுன்னு எழுதிக் குடு. அதுக்கெதுக்குப் போகோணும்?”

“இங்க இருந்தா நான் கணக்குல இருக்கறனுங்க” என்றாள் அவள். “என்ன எழுதிக் குடுத்தாலும் அப்புடித்தான். நீங்க விழுந்தா நான் ஓடியாந்து புடிப்பேன். என்னால புடிக்காம இருக்க முடியாது. அது உங்களுக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும்.”

அவன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் சட்டத்தைப் பார்த்தான். அரை மணி நேரம் கழித்து கேட் திறக்கிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி ஜீப்பிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கிப் பெயர்ப்பலகையை நிமிர்ந்து படித்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளே வந்து நல்லசிவத்தின் முழங்கையைப் பிடிக்கிற வரையில் கருணாம்பிகை நின்றாள். அதற்கு மேல் நிற்கவில்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது, அவனைக் காப்பாற்றப் போகிறோமா, தண்டிக்கப் போகிறோமா என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. எதுவானாலும் அவிநாசிக்கு ஒரே பஸ்தான்.